வளர்த்த உயிரும் ஊர்ச் சுவரும்

புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கோயில் காளை இறந்துபோனால் ஊரே துக்கம் அனுசரிக்கும். சந்தனம் பூசி, மாலை போட்டு, வேட்டி துண்டு சாத்தி, கொட்டு மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள். வாடிவாசலில் அது நின்ற கோலத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைப்பார்கள். ஒரு கோடை வெயிலில் அந்த பிளெக்ஸ் வெளுத்துவிடும். அடுத்த காற்றில் கிழிந்துவிடும். பல வருஷம் ஊரின் பெயரைச் சொன்ன காளைக்கு அடுத்த பொங்கலுக்குள் முகம் இல்லாமல் போய்விடுகிறது.

நகரத்தில் நாயும் பூனையும் வளர்ப்பவர்களுக்கும் இதே தவிப்புதான். செல்போனில் நூற்றுக்கணக்கில் படங்கள் இருக்கும். வீட்டுச் சுவரில் ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் செல்லப்பிராணிகளை வரைந்து தரும் ஓவியர்களைத் தேடிப் போகிறார்கள். இந்த ஓவியர்களில் சிலர் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். பள்ளி, ரயில் நிலையம், குடியிருப்பு என்று பொதுச் சுவர்களில், அங்கே இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு பெரிய ஓவியங்கள் தீட்டுகிறார்கள். ஒன்று வீட்டுக்குள் மாட்டுவது, மற்றது தெருவில் நிற்பது. இரண்டுக்கும் வேண்டிய கண் ஒன்றுதான்: எதிரில் நிற்பதைப் பொதுவாக ‘ஒரு மாடு’ என்று பார்க்காமல் ‘இந்த மாடு’ என்று பார்க்கும் கண்.

இந்த இரண்டு வேலையும் எப்படி நடக்கின்றன என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்து விளக்கலாம். விலங்குகளைப் பொது இடத்தில் தீட்டியும் செதுக்கியும் வனைந்தும் வைக்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கிறது.

பெயர் சொல்லி நின்ற நாயும் சேவலும்

வளர்த்த பிராணிக்குப் படம் வைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரு வீரனுக்காக எடுத்த கல் அது. வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்வெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

சேவலுக்கும் கல் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. இந்தளூர்க் கல்லில் உள்ள சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயர். இந்தக் கற்களை ஊர் கூடிப் பார்க்கிற இடத்தில் நட்டார்கள். உருவம், பெயர், அது செய்த காரியம் மூன்றும் ஒரே கல்லில் இருந்தன. இன்றைக்கு ஒரு செல்லப்பிராணி ஓவியத்துக்கும் இந்த மூன்றும் இருந்தால் போதும்.

பிற இடங்களிலும் இதே கதைதான். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் 1621-ல் ஒரு வரிக்குதிரையைக் கொண்டுவந்தார்கள். யாரோ குதிரைக்குக் கோடு தீட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு நுணுகிப் பார்த்திருக்கிறார்கள். அரசவை ஓவியர் மன்சூர் அந்த வரிக்குதிரையைக் கோடு தப்பாமல் வரைந்தார். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762-ஐ ஒட்டி விசில்ஜாக்கெட் என்ற பந்தயக் குதிரையை ஏறக்குறைய அதன் முழு அளவுக்கே வரைந்தார். ஆள் இல்லை, சேணம் இல்லை, பின்னால் மரமோ வானமோ இல்லை. வெறும் குதிரை. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இன்றும் அது தொங்குகிறது. நல்ல விலங்கு ஓவியத்துக்கு அலங்காரம் தேவையில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சித்தன்னவாசல் குளம்

குடுமியான்மலையிலிருந்து அன்னவாசல் வழியாகப் போனால் சிறிது தூரத்தில் சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயில் ஒரு சமணக் குடைவரை. அதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. இலையும் மொட்டும் மலருமாக நெருங்கிக் கிடக்கும் அந்தக் குளத்துக்குள் மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். நடுவே மூன்று பேர் பூப்பறிக்கிறார்கள். இருவர் சேர்ந்து நிற்க, ஒருவர் தனியே நிற்கிறார். தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தில் அடியார்கள் கடந்துபோகும் நீர்நிலை இது என்று சமண மரபை அறிந்தவர்கள் விளக்குவார்கள்.

அந்தச் சமயப் பொருளைத் தெரியாதவர்களுக்கும் அந்தக் குளம் புரியும். எருமையும் மீனும் தாமரையும் இந்த வட்டாரத்துக் கண்மாயில் நாளும் பார்ப்பவைதான். தொலைதூரத்துச் சமய நூலில் சொன்ன நீர்நிலையை, தன் ஊர் நீரைப் பார்த்தே ஓவியன் வரைந்திருக்கிறான் என்று எண்ணத் தோன்றுகிறது. ஊர்ச் சுவரோவியத்துக்கு முதல் பாடம் அதுதான்: சொல்ல வரும் கருத்து எவ்வளவு பெரிதானாலும், அதைச் சுமப்பவை ஊர் மக்களுக்குப் பழகிய உருவங்களாக இருக்க வேண்டும்.

இந்தக் கோயிலைப் புதுப்பித்தவரின் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்னே ஒரு மண்டபமும் எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்த முன்மண்டபம் பிற்காலத்தில் இடிந்துபோனது. புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் அதை மறுபடி கட்டியபோது தூண்கள் குடுமியான்மலையிலிருந்துதான் வந்தன. ஓவியம் அங்கே, அதற்கு வெயில் படாமல் காக்கும் தூண் இங்கிருந்து போனது.

செய்முறையையும் தெரிந்துகொள்வது நல்லது. பாறையின் மேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த மெல்லிய பூச்சு. அதன்மேல் இன்னும் மெல்லியதாகச் சுண்ணாம்புப் பூச்சு. அது காய்ந்தபின் நிறம் தீட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு மரக்கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்கு ஒரு வகைப் பச்சை மண். நிறங்களில் பெரும்பாலானவை மண்ணும் கல்லும் கரியும்தான். மங்கியும் உதிர்ந்தும் போனது போக மீதி இன்னும் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கல் குதிரை, மண் குதிரை

குடுமியான்மலை என்றதும் பலருக்கு நினைவு வருவது இசைக் கல்வெட்டு. குன்றையொட்டிய மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஏழு பண்களுக்கான சுரக் கோவைகளைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சிகாநாதசுவாமி கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தால் வேறொரு உலகம். முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் மேலே வீரர்களுமாகத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அன்னத்தின் மேல் ரதி அமர்ந்திருக்கிறாள். நாயக்கர் காலக் கலைப்பாணி. குதிரையின் கடிவாளம், சேணவார், விரிந்த மூக்குத்துளை, பிடரி மயிர் எல்லாம் கல்லில் தனித்தனியாகத் தெரியும். விலங்கு வரையக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் பென்சிலும் நோட்டுமாக ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டிய இடம் அது.

கல் குதிரை அரசர்கள் எடுப்பித்தது. ஊர் எடுக்கும் குதிரை மண் குதிரை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். அதற்கு முன் பிடிமண் கொடுக்கும் சடங்கு. கோயில் மண்ணில் ஒரு பிடியை ஊர்ப் பெரியவர்கள் மண் உருவம் வனையும் வேளாரிடம் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடிதான் ஊரின் சம்மதம். அதை வாங்கிக்கொண்ட பிறகே வேளார் குதிரை வனையத் தொடங்குவார். சுட்டு, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறப்பார். பிறகு ஊரே தூக்கிக்கொண்டு அய்யனார் கோயிலுக்குப் போகும். மாவட்டத்தின் கிழக்கே குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் உயரமுள்ள குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று அதற்குக் காகித மாலைகள் சாத்திக் குவிப்பார்கள்.

புரவியோடு சின்ன உருவங்களும் போகும். நோய்ப்பட்ட மாடு பிழைத்துக்கொண்டால் மண்ணில் மாடு செய்து வைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். வேட்டை நாய்க்கும் மண் உருவம் உண்டு. ஒரு விவசாயி தன் மாட்டுக்காகக் காணிக்கையாக வைத்த அந்த மண் மாடு நம் ஊரின் செல்லப்பிராணி உருவம். அதே அய்யனார் கோயிலில் ஊரே சேர்ந்து எடுத்த பெரிய குதிரை நம் ஊரின் பொதுக் கலை. ஒரே வேளார் இரண்டையும் செய்கிறார். செல்லப்பிராணி ஓவியமும் சமூகச் சுவரோவியமும் ஒரே கையிலிருந்து வருவது இந்த மண்ணில் எப்போதும் நடந்து வந்ததுதான்.

ஒரு முகத்தை வரையும் விதம்

இனி தொழிலுக்கு வருவோம். ஒரு மாட்டையோ நாயையோ அதுவே என்று சொல்லும்படி வரைய ஓவியர் எதையெல்லாம் பார்க்கிறார்?

முதலில் கண். நாயின் கண்மணி வட்டமானது. பூனைக்கு வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். மாடு, ஆடு, குதிரைக்குக் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். மாட்டுக்கு வட்டக் கண்மணி வைத்துவிட்டால் எங்கேயோ மனித முகம்போல ஆகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் உறுத்தும். கண்ணில் விழும் ஒளிப்புள்ளி ஒன்றுதான் வர வேண்டும், வெளிச்சம் வரும் திசையில் வர வேண்டும். அந்தப் புள்ளியைக் கடைசியில் வைப்பார்கள். வேளார் கண் திறப்பதும் கடைசியில்தான்.

அடுத்தது மயிர் ஓடும் திசை. மூக்கிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து கழுத்துக்கு என்று அதற்கு ஒரு ஓட்டம் உண்டு. மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். ஓவியரும் சுழி பார்க்க வேண்டும். நெற்றிச் சுழி ஒன்றா இரண்டா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அந்த மாட்டுக்கே உரிய அடையாளம். கொம்பின் வளைவு, காது மடலில் உள்ள வெட்டு, மூக்கணாங்கயிறு பட்டுத் தேய்ந்த தடம், திமிலின் சாய்வு இவையும் அப்படித்தான். இவற்றைத் தவறவிட்டால் வளர்த்தவர் படத்தைப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம காளை இல்ல” என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் ஓவியருக்கு வேறு தோல்வி கிடையாது.

மூன்றாவது நிறம். மாட்டுக்காரர்கள் மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று பிரித்துச் சொல்வது ஓவியருக்குப் பெரிய உதவி. மயிலை வெள்ளை அல்ல. சாம்பலும் நீலமும் கலந்த நிழல் அதில் ஓடும். காரியிலும் வெறும் கறுப்பு போதாது. வெயில் படும் முதுகில் நீலம், அடிவயிற்றில் மண்ணின் பழுப்பு. நாய்களிலும் இப்படித்தான். ராஜபாளையம் நாய்க்கு உடம்பு வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. கன்னிக்குக் கறுப்பு உடம்பு, பழுப்புக் கால். கோம்பைக்குச் செம்பழுப்பு உடம்பு, கரிய முகவாய். ராஜபாளையம் உள்ளிட்ட நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல் துறை 2005-ல் தபால்தலை வெளியிட்டது. அவ்வளவு சின்னக் காகிதத்திலும் இனம் பிசகாமல் அடையாளம் தெரிவது இந்த வேறுபாடுகளால்தான்.

எந்த வண்ணத்தில் வரைவது என்பது அடுத்த கேள்வி. நீர்வண்ணத்தில் வெளிச்சமான இடத்துக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவைக்க வேண்டும். வைத்த நிறத்தை எடுப்பது கடினம். அக்ரிலிக் சீக்கிரம் காயும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு அடுக்கடுக்காக ஏற்றலாம், தவறினால் மேலே பூசித் திருத்தலாம். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால் பளபளக்கும் தோலைக் குழைத்துக் குழைத்துக் கொண்டுவர ஏற்றது. நல்ல கை உள்ளவருக்கு வெறும் பென்சிலும் கரியும் போதும்.

படம் கேட்பவர் செய்ய வேண்டியது

நீங்கள் உங்கள் நாய்க்கோ மாட்டுக்கோ படம் வரையச் சொல்லப் போகிறீர்கள் என்றால், பாதி வேலை உங்களிடம் இருக்கிறது.

புகைப்படத்தை அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து உடல் சிறுத்துத் தெரியும். போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகிவிடும். நாலடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம். காலை அல்லது மாலை வெயிலில், ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுங்கள். ஒரே படத்தை நம்பாமல் நேர் முகம், இரு பக்கம், நிற்கும் கோலம் என்று பல படங்கள் கொடுங்கள்.

இறந்துபோன பிராணிக்கு ஒரே ஒரு மங்கலான படம்தான் இருக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் நினைவு ஓவியருக்குப் பயன்படும். கூப்பிட்டால் எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கும், எந்தக் காது தொங்கும், எங்கே தழும்பு என்று உட்கார்ந்து பேசுங்கள். அதே இனத்தில் வேறொரு விலங்கின் உடல் அமைப்பைப் பார்த்துக்கொண்டு, முகத்தின் அடையாளங்களை உங்கள் வாயிலிருந்து வாங்கி ஓவியர் சேர்ப்பார். எவ்வளவு பெரிது, எந்த வண்ணம், எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். படம் வந்தபின் நேர் வெயில் படாத, ஈரம் கசியாத சுவரில் மாட்டுங்கள்.

சுவர் யாருடையது?

வீட்டுப் படத்துக்கு ஒரு குடும்பத்தின் சம்மதம் போதும். பொதுச் சுவருக்கு ஊரின் சம்மதம் வேண்டும். சம்மதத்தோடு தீட்டிய சுவர் ஓர் இடத்தின் பெயரையே மாற்றும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1984-ல் சுவர்க் கிறுக்கலைத் தடுக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் ஓவியர் ஜேன் கோல்டன், சுவரில் கிறுக்கிய இளைஞர்களையே அழைத்து ஓவியம் தீட்ட வைத்தார். அந்த முயற்சியில் இதுவரை ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் வந்துவிட்டன. சென்னையில் கண்ணகி நகர் இன்னொரு சான்று. நகரின் உள்பகுதியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களுக்காகக் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு அது. அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து 2020-ல் பல ஓவியர்களைக் கொண்டு பெரிய ஓவியங்களைத் தீட்டின. சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்த, சிரிக்கும் சிறுமிகளின் முகம் அவற்றில் பலருக்கும் தெரிந்தது. குடியிருப்பவர்களே பெயரைச் சொல்லத் தயங்கிய இடத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

சம்மதம் என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதல்ல. பிடிமண் சடங்கு சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு இங்கே பொருந்தும். முதலில் ஊர்க் கூட்டத்தில் என்ன வரையலாம் என்று கேட்க வேண்டும். ஓவியர் இரண்டு மூன்று மாதிரிகள் போட்டுக் காட்ட வேண்டும். பெரியவர்கள் குறை சொன்னால் திருத்த வேண்டும். ஒரு சாதியின் சுவராக, ஒரு கட்சியின் சுவராக அது ஆகிவிடாமல் எல்லாத் தெருக்காரர்களும் கூட்டத்தில் இருக்க வேண்டும். அதன்பிறகு வண்ணம் வாங்கலாம். இப்படிச் செய்த சுவரில் யாரும் போஸ்டர் ஒட்டத் துணிய மாட்டார்கள்; ஒட்டினால் கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

சுவரைத் தயார் செய்வது

ஓவியத்தின் ஆயுளைச் சுவரின் பக்குவமே முடிவு செய்யும்.

புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் குறைந்தது 28 நாள் ஆறட்டும். சிமெண்டின் காரம் அடங்குமுன் வண்ணம் பூசினால் நிறம் மாறும். பழைய சுவரில் உப்புப் பூத்திருந்தால் முதலில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். உப்பைச் சுரண்டிவிட்டு மேலே பூசுவதால் பயனில்லை. பாசியைத் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, வெளிச்சுவருக்கான பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே வரைய வேண்டும்.

வண்ணத்துக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் ஏற்றது. எனாமல் பளபளப்பாக இருக்கும், ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாது, கொப்புளித்து உரியும். பிரகாசமான சில சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். இரும்பு ஆக்சைடால் ஆன காவிச் சிவப்பும் காவி மஞ்சளும் பல ஆண்டு நிற்கும். சித்தன்னவாசல் விதானத்தில் இன்றும் நிற்பது அந்தக் காவிதான். செவலை மாடு, செம்மண் தரை, செம்பழுப்பு நாய், மண் குதிரை என்று இந்த வட்டாரத்தின் பாதி நிறங்களைக் காவியிலிருந்தே எடுத்துவிடலாம்.

காலமும் முக்கியம். இங்கே பெருமழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில் வரும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு தையில் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. மழைத்தண்ணீர் மண்ணோடு தெறிக்கும் அடிப்பகுதியில் இரண்டு மூன்று அடிக்கு அடர்ந்த நிறப் பட்டை அடித்துவிட்டு, ஓவியத்தை அதற்கு மேல் தொடங்குவது வழக்கம்.

சின்னப் படத்தைப் பெரிய சுவருக்கு ஏற்றுவது எப்படி? சினிமா பேனர் ஓவியர்கள் செய்த வழிதான். மாதிரிப் படத்தில் கட்டங்கள் போட்டு, அதே எண்ணிக்கையில் சுவரிலும் பெரிய கட்டங்கள் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டை அதே கட்டத்தில் வரைந்துகொண்டே போனால் நாற்பதடி காளையும் பிசகாமல் வரும். பிளெக்ஸ் வந்தபின் அந்த பேனர்க் கைகளுக்கு வேலை போனது. பக்கத்து ஊரில் பழைய பேனர் ஓவியர் யாராவது இருந்தால் முதலில் அவரைத் தேடிப் போங்கள். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அவரைவிட ஆள் கிடைக்க மாட்டார்.

ஊர் மக்கள் கை வைப்பதற்கும் முறை உண்டு. ஓவியர் கோடுகளை முடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எண் போட்டு, அதே எண்ணை வண்ணக் கிண்ணத்திலும் ஒட்டிவிடுவார். பிள்ளைகள் அவரவர் பகுதியை நிரப்புவார்கள். ஓரம் திருத்துவது, நிழல் போடுவது, கண் வைப்பது ஓவியர் வேலை. சாரத்தில் ஏறும் வேலையைப் பழகிய பெரியவர்கள் மட்டும் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு செய்ய வேண்டும்.

தொடக் கூடாத சுவர்

பாறையும் கோயில் சுவரும் ஓவியத்துக்கான இடம் அல்ல. இதில் சமரசமே கூடாது. குடுமியான்மலைக் குடைவரையும் கல்வெட்டுகளும் சித்தன்னவாசலும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். அவற்றில் பெயர் கிறுக்குவதும் வண்ணம் பூசுவதும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நல்லெண்ணத்தோடு பூசிய சுண்ணாம்பும் கோயில்களில் பழைய ஓவியங்களை அழித்திருக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலில் வெள்ளைக்கு அடியில் நிறம் தெரிந்தால் சுரண்டிப் பார்க்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். மற்றச் சுவர்களுக்கும் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுப் பார்வையில் உள்ள இடத்தை அனுமதியின்றி அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லிருந்து சட்டம் இருக்கிறது.

எதை வரைவது?

நம் பள்ளிச் சுவர்களிலும் அங்கன்வாடிச் சுவர்களிலும் டோராவும் சோட்டா பீமும் மிக்கி எலியும் வரையப்படுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பது உண்மை. ஆனால் அவர்கள் தொட்டு வளர்க்கும் உயிர் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை என்பது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. இதே மாவட்டத்து விராலிமலை ஜல்லிக்கட்டில் 2019-ல் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. அந்த மலையில் மயில்கள் திரிகின்றன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நாய் படுத்திருக்கிறது; ஆடும் சேவலும் தெருவை நிறைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது, பிள்ளைகள் சொல்ல ஒரு கதை இருக்கிறது. பார்த்து வரைய இவ்வளவு இருக்கும்போது தொலைக்காட்சியிலிருந்து கடன் வாங்கத் தேவையில்லை.

குடுமியான்மலையிலும் சுற்று ஊர்களிலும் உள்ள ஊராட்சி மன்றங்களுக்கும் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கப் பணம் ஒதுக்கும்போது, பிள்ளைகளிடம் அவரவர் வீட்டு மாடு, ஆடு, நாயின் பெயரையும் அடையாளத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவற்றில் சிலவற்றை ஊர்க் கூட்டத்தில் தேர்ந்தெடுங்கள். ஓவியர் ஒருவரை அழைத்து அந்த உயிர்களை அவற்றின் பெயரோடு சுவரில் நிற்க வையுங்கள். ஓவியருக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அவர் பெயரையும் சுவரின் மூலையில் எழுதுங்கள். இளங்கௌதமன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மாவட்டம் இது. இன்றைய ஓவியருக்கும் அந்த மரியாதை சேர வேண்டும்.